லெனின் சிலை காட்சி ஆவணப்பதிவு அல்ல

'குட் பை, லெனின்!' என்ற ஜெர்மன் படத்தில் ஹெலிகாப்டரில் தொங்கியபடி லெனின் சிலை பறக்கும் காட்சி, அந்நாளைய செய்திப்படத்திலிருந்து எடுத்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. கிழக்கு பெர்லினில் 19 மீட்டர் உயரத்தில் நின்ற கருங்கல் லெனினை எந்த ஹெலிகாப்டரும் தூக்கவில்லை. 1991 நவம்பரில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து, நகரின் ஓரத்துக் காட்டுமணலில் புதைத்தார்கள். தலை மட்டும் 2015-இல் தோண்டி எடுக்கப்பட்டு, இன்று பெர்லினின் ஸ்பாண்டாவ் கோட்டையில் கிடக்கிறது. படத்தில் இந்தக் காட்சி நடப்பதோ 1990-இல், அதாவது சிலையை அகற்றத் தொடங்கும் முன்பே.

ஆகவே அந்தப் பறக்கும் சிலை முழுக்க இயக்குநர் வொல்ஃப்காங் பெக்கரும் அவருடைய குழுவும் படைத்தது. அதைச் 'செய்திப்படம்' என்று சொன்னால் அவர்களுடைய உழைப்பையே மறுத்துவிடுகிறோம். நோயிலிருந்து மெல்ல மீளும் தாய் தெருவில் தனியே நிற்கிறாள். அவளை நோக்கிக் கை நீட்டியபடி சிலை கடந்து போகிறது. அந்தத் தாயாக நடித்த காத்ரின் சாஸ் கிழக்கு ஜெர்மனியிலேயே பிறந்து, அங்கேயே நடிகையானவர். அவர் முகத்தில் தெரியும் திகைப்பை எந்தச் செய்திப்படமும் தந்திருக்காது.

இன்னொன்று: படத்தில் டாக்ஸி ஓட்டுநராக வருபவர் கிழக்கு ஜெர்மனியின் விண்வெளி வீரர் சிக்மண்ட் யேன் அல்ல, அவரைப் போல நடித்த ஒரு நடிகர்.