மெல்போர்னுக்கு ஒரு ஆர்எக்ஸ் 100

(சென்னை மண்ணடி. லிங்கி செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜெண்டின் மாடி ஆபீஸ். ஃபைல் அடுக்குகளுக்கு நடுவே பாய். எதிரே, ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்கும் விசா கிடைத்த சந்தோஷம் இன்னும் முகத்தில் வடியாத குமார். மடியில் ஹெல்மெட்.)

குமார்: பாய், மெல்போர்னுக்கு ஒரு வண்டி அனுப்பணும்.

பாய்: அனுப்பிடலாம் தம்பி. என்ன வண்டி?

குமார்: யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். தொண்ணூத்தி நாலு மாடல்.

பாய்: (எழுதப் போன பேனாவை மூடி வைத்து) ஓட்டவா, அங்க மியூசியத்துக்குக் குடுக்கவா?

குமார்: என்ன பாய் இப்படிக் கேட்டுட்டீங்க! ஒரு போல்ட்டு கூட மாத்தலை. எல்லாம் கம்பெனி போட்டது. வித்துட்டுப் போன்னு வீட்ல சொல்றாங்க. இதை வேற ஒருத்தன் பேருக்கு மாத்திக் குடுக்கறதை நினைச்சாலே வயித்தைப் பிசையுது.

பாய்: நல்லவேளை, பழசா கொண்டு வந்தீங்க. 25 வருஷம் தாண்டின வண்டின்னா அங்க தனி வழி வச்சிருக்காங்க. புது வண்டியா இருந்தா உங்க பேர்ல குறைஞ்சது ஒரு வருஷம் இங்க வச்சு ஓட்டினதுக்கு ஆதாரம் கேப்பாங்க, அது இதுன்னு இழுக்கும்.

குமார்: பாத்தீங்களா! இங்க 15 வருஷம் ஆச்சுன்னா பசுமை வரி போட்டுத் துரத்தறாங்க. அங்க வயசானா மரியாதை.

பாய்: மரியாதை எல்லாம் அப்புறம். கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி அந்த ஊர் அரசாங்கத்தோட அனுமதி கையில இருக்கணும். 2021 ஜூலையில இருந்து புதுச் சட்டம். முதல்ல அனுப்பிடுவோம், போய்ப் பாத்துக்கலாம்னு நம்மூர் வேலை அங்க நடக்காது. அனுமதி இல்லாம இறங்கினா திருப்பி எடுத்துட்டுப் போங்கறான், இல்லன்னா அழிச்சுடறான்.

குமார்: (ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்து) அழிக்கறதா?

பாய்: அந்த ஹெல்மெட்டையும் இங்கயே விட்டுட்டுப் போங்க. நம்ம ஐஎஸ்ஐ முத்திரை அங்க செல்லாது.

(குமார் ஹெல்மெட்டைத் தரையில் வைக்கிறார். வைத்த கையோடு திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்.)

பாய்: வண்டி கீழ நிக்குதா? ஜன்னல் வழியா காட்டுங்க. (எட்டிப் பார்த்து) முன்னால என்ன தொங்குது?

குமார்: எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், படிகாரம். வெள்ளிக்கு வெள்ளி மாத்திடுவேன்.

பாய்: ஹெட்லைட்டு மேல?

குமார்: சந்தனம் குங்குமம். ஆயுத பூஜைக்கு வச்சது. ஹேண்டில்பார்ல சுத்தியிருக்கறது திருவேற்காட்டுல மந்திரிச்ச கயிறு. சாமந்திப் பூ காஞ்சிருக்கும், அதை எடுத்துடலாம்.

பாய்: தம்பி, ஆஸ்திரேலியாக்காரனுக்கு உயிரே இந்த விஷயத்துலதான். ஒரு விதை, ஒரு புல்லு, ஒரு பூச்சி, ஒட்டின மண்ணு, எதுவும் உள்ள வரக்கூடாது. வண்டி இறங்கினதும் டார்ச் அடிச்சுப் பாப்பான். மிளகாய் விதை ஒண்ணு கிடைச்சா போதும். அவன் ஆளை வச்சுக் கழுவுவான், பில்லு உங்களுக்கு வரும்.

குமார்: வாட்டர் வாஷ் விட்டுடறேன் பாய். ஃபோம் வாஷே விடறேன்.

பாய்: ஃபோம் எல்லாம் கண்ணுக்கு அழகு. நான் சொல்றது வேற. செயின் கவரைக் கழட்டி உள்ள இருக்கற கிரீஸையும் மண்ணையும் சுரண்டணும். எஞ்சின் ஃபின்னு இடுக்கு ஒவ்வொண்ணையும் பல்லு விளக்கற பிரஷ்ஷை வச்சுத் தேய்க்கணும். மட்கார்டு அடியில விரலை விட்டுத் தடவினா விரல்ல ஒண்ணும் வரக்கூடாது. டயர் பட்டன் இடுக்குல கல்லு இருந்தா குண்டூசி வச்சு எடுக்கணும். சீட்டைத் தூக்கிப் பாத்தீங்களா?

குமார்: பாத்தேன். சீட்டுக்கு அடியில குளவி கூடு கட்டியிருக்கு.

பாய்: இடிச்சுடுங்க.

குமார்: பாய்! குளவி கூடு கட்டினா வீட்ல குழந்தை பொறக்கும்னு எங்கம்மா தொடவே விடலை.

பாய்: கூட்டோட அனுப்பினீங்கன்னா அங்க அபராதம்தான் பொறக்கும்.

குமார்: சரி. இடிச்சுடறேன். அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். அவ்வளவுதானே?

பாய்: பிரேக் ஷூ எப்ப மாத்தினீங்க?

குமார்: (பெருமையாக) சொன்னேனே, எல்லாம் கம்பெனி போட்டது.

பாய்: போச்சு. அந்தக் காலத்து பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட்டு, கேஸ்கெட் இதுல எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். 2003 கடைசியில இருந்து அந்த ஊர்ல ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை. நுரையீரல் சமாச்சாரம், விளையாட மாட்டாங்க. இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்கணும். பேசாம எஞ்சினை இறக்கி, எல்லாத்தையும் புதுசா மாத்தி, பில்லும் ஃபோட்டோவும் வச்சுக்கங்க.

குமார்: அப்ப ஒரிஜினல்னு என்ன பாய் மிஞ்சும்?

பாய்: சேசிஸ் நம்பர் மிஞ்சும். அதை மட்டும் தொடாதீங்க. அனுமதிக் காகிதத்துல ஒரு எழுத்து மாறினாலும் வேற வண்டின்னுடுவான். ஆர்டிஓ ஆபீஸ்ல பண்ற மாதிரி பேப்பர் வச்சு பென்சில் தேய்ச்சு பிரிண்ட் எடுத்துக்கங்க.

(டீ வருகிறது. குமார் குடிக்கவில்லை. பாய் ரெண்டையும் தன் பக்கம் நகர்த்திக்கொள்கிறார்.)

பாய்: பெட்ரோல் எவ்வளவு இருக்கு?

குமார்: நேத்துதான் ஃபுல் டேங்க் போட்டேன்.

பாய்: சொட்டு விடாம இறக்கணும். பேட்டரி ஒயரைக் கழட்டி டேப் சுத்தணும். கப்பல்காரன் கணக்குல உங்க வண்டி ஆபத்தான சரக்கு, 9-ஆம் வகுப்பு. ஐநா நம்பரே இருக்கு, 3166.

குமார்: (முகம் மலர்ந்து) ஐநா வரைக்கும் தெரிஞ்சிருக்கா நம்ம வண்டியை!

பாய்: எல்லா பெட்ரோல் வண்டிக்கும் அதே நம்பர்தான் தம்பி. டேங்க் காலியா இருந்து பேட்டரியும் கழட்டியிருந்தா அந்தக் கெடுபிடியில இருந்து தப்பிக்க வழி இருக்கு. அப்புறம் பெட்டி. மரப்பெட்டின்னா பூச்சி சாகறதுக்கு 56 டிகிரியில அரை மணி நேரம் சூடு காட்டின மரமா, முத்திரை குத்தினதா இருக்கணும். மூர்மார்க்கெட் பலகையை அடிச்சுக் கொண்டு வந்துடாதீங்க.

குமார்: வாடகை எடைக்கா பாய்? வண்டி நூறு கிலோ சொச்சம்தான். என்னை விடக் கொஞ்சம் கூட.

பாய்: எடையும் பாப்பான், கன அளவும் பாப்பான். டன்னுக்கு எவ்வளவு, கன மீட்டருக்கு எவ்வளவுன்னு போட்டு எது கூடுதலோ அதை வாங்குவான். உங்க வண்டி எடையில கால் டன்னு கூட வராது. பெட்டி ரெண்டு கன மீட்டரைத் தாண்டும்.

குமார்: அப்ப மிச்சத்துக்கு?

பாய்: காத்துக்கு வாடகை. ஹேண்டில்பாரையும் முன் வீலையும் கழட்டிப் பக்கத்துல சொருகினா காத்து குறையும்.

குமார்: (நாற்காலியை முன்னால் இழுத்து, குரலைத் தாழ்த்தி) பாய், எப்படியும் அந்தக் காத்துக்குக் காசு குடுக்கறோம். அந்த இடத்துல ஒரு அம்மிக்கல்லு, ரெண்டு கிலோ ஆவக்காய், கொஞ்சம் முருங்கை விதை...

பாய்: முருங்கை விதையா?

குமார்: கொல்லையில போடறதுக்கு.

பாய்: நான் இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?

குமார்: விதை வேணாம். விட்டுடுங்க. அம்மி?

பாய்: வண்டிப் பெட்டியில வண்டி மட்டும்தான். வீட்டுச் சாமானுக்குத் தனிப் பட்டியல், தனிக் காகிதம். சரி, வண்டியோட மதிப்பு என்ன போடட்டும்?

குமார்: எதுக்கு பாய்?

பாய்: அங்க வரி கட்டறதுக்கு. அங்கயும் ஜிஎஸ்டிதான், 10 சதவீதம். வண்டி விலை மேல மட்டும் இல்ல, கப்பல் வாடகை, இன்ஷூரன்ஸையும் கூட்டி அதுக்கு மேல.

குமார்: இது பழைய இரும்பு பாய். எட்டாயிரம் போடுங்க. அதுவும் ஜாஸ்தி. சைலன்சர் வேற ஓட்டை.

பாய்: எட்டாயிரம். (எழுதுகிறார்) இன்ஷூரன்ஸ் எடுக்கணுமே, வழியில கடல்ல ஏதாவது ஆச்சுன்னா?

குமார்: கண்டிப்பா எடுக்கணும்! போன மாசம் சிக்னல்ல ஒருத்தன் வண்டியை நிறுத்தி ஒன்றரை லட்சம் தரேன்னான். நான் ரெண்டுக்குக் குறைஞ்சு பேச்சே இல்லைன்னுட்டேன்.

பாய்: ரெண்டு லட்சம்.

குமார்: ரெண்டே கால் போடுங்க. சிங்கப்பூர்ல கப்பல் மாத்துவாங்க இல்ல, ரிஸ்க்கு.

பாய்: தம்பி, ரெண்டும் ஒரே இன்வாய்ஸ். மேல எட்டாயிரம், கீழ ரெண்டே கால் லட்சம்னு எழுதினா நம்ம கஸ்டம்ஸே இங்க என்னை உக்கார வச்சுடும்.

(குமார் வாயைத் திறந்து மூடுகிறார். வரி கேட்டால் இரும்பு, விலை கேட்டால் தங்கம். ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிற எல்லோரிடமும் இந்த ரெண்டு தராசும் உண்டு.)

குமார்: மொத்தம் எவ்வளவு ஆகும் பாய்? ஒளிக்காம சொல்லுங்க.

பாய்: இங்கிருந்து ஏத்தற செலவு கம்மி. அந்தப் பக்கம் இறக்கறதுதான். துறைமுகக் கூலி, கிடங்கு வாடகை, பரிசோதனை, கழுவல், அங்க இருக்கற ஏஜெண்டு. அதுக்கப்புறம் அந்த மாநிலத்துல ரெஜிஸ்டர் பண்ற செலவு தனி. அந்தக் காசுக்கு நல்ல வண்டியே அங்க வாங்கிடலாம். கேக்கறவங்க எல்லாருக்கும் இதைச் சொல்றேன். ஒருத்தரும் கேக்கறதில்ல, அதனாலதான் என் கடை ஓடுது.

குமார்: ஆகட்டும் பாய். அனுப்பிடுங்க. இந்தச் சத்தம் இல்லாம எனக்குக் காலையில பொழுது விடியாது.

பாய்: சரி. ஆர்சி குடுங்க. ஆர்டிஓ என்ஓசிக்கு, அதான் தடையில்லாச் சான்றுக்கு, முதல்ல எழுதணும்.

(குமார் பர்ஸிலிருந்து லேமினேஷன் போட்ட தாள் ஒன்றை எடுக்கிறார். கொடுக்கவில்லை. பாயே வாங்கிக்கொள்கிறார்.)

பாய்: இது யாரு, சண்முகசுந்தரம்?

குமார்: மச்சான். சம்சாரத்தோட அண்ணன்.

பாய்: உங்களுக்கு வித்தாரா?

குமார்: வித்தாருன்னு சொல்ல முடியாது.

பாய்: குடுத்தாரா?

குமார்: ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுத் தரேன்னு வாங்கினேன்.

பாய்: எப்ப?

குமார்: கல்யாணம் ஆன புதுசுல.

பாய்: (கண்ணாடியைக் கழற்றி) தம்பி, இதுக்குப் பேரு ஷிப்பிங் இல்ல. போலீஸ்ல வேற பேரு வச்சிருக்காங்க. அவர் ஃபார்ம் 29, 30ல கையெழுத்துப் போட்டு, வண்டி உங்க பேருக்கு மாறணும். அப்புறம்தான் மத்தது எல்லாம். எங்க இருக்காரு?

குமார்: மதுரவாயல். ஆனா பேச்சுவார்த்தை இல்ல பாய்.

பாய்: எதனால?

குமார்: இந்த வண்டியாலதான்.

பாய்: மெல்போர்னுக்கு நான் அனுப்பிடுவேன். மதுரவாயலுக்கு நீங்களேதான் போகணும்.

குமார்: இப்பவே கிளம்பறேன் பாய். நேரா வண்டியை எடுத்துட்டு...

பாய்: வண்டியில போனீங்கன்னா நடந்துதான் வருவீங்க. பஸ்ல போங்க.