ஊழியர் நன்கொடையில் கம்பெனிக்கு வரி மிச்சமா?

“சம்பளத்தில் பிடித்த நன்கொடையைத் தன் பெயரில் காட்டி கம்பெனி வரியை மிச்சம் பிடிக்கிறது” என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

பிடித்த பணம் கம்பெனியின் வருமானமல்ல. தொண்டு நிறுவனத்துக்குக் கட்டும்வரை கணக்கில் கடனாக நிற்கும். லாப நட்டக் கணக்கைத் தொடாது. வருமானமாகவே எழுதினாலும் 100 வரவு, 100 செலவு; லாபம் மாறாது. அதைச் செலவாக மட்டும் காட்டினால் அது மோசடி.

ஊழியர் தொகைக்கு ஈடாகக் கம்பெனி போடும் பங்கு வேறு. அது கம்பெனியின் சொந்தப் பணம், வரிச் சலுகை கேட்கலாம். 25 சதவீத வரி கட்டும் கம்பெனி முழுத் தொகையையும் வருமானத்தில் கழித்துக்கொண்டாலும் 100-க்கு 25 தான் மிச்சம், 75 கைவிட்டுப் போனதுதான்.

உண்மையான சிக்கல் ரசீதில். மொத்தத் தொகைக்குக் கம்பெனி பெயரில் ஒரே ரசீது வந்தால் ஊழியர் கேட்க வேண்டிய வரிக் கழிவு தொங்கிவிடும். பணத்தோடு ஊழியர்களின் பெயர், வரி எண், தொகைப் பட்டியலையும் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பும்படி கம்பெனியிடம் சொல்லுங்கள்.