யாக்கோபு 4:7 இன் முன்பாதி

பிசாசை எதிர்த்து நின்றால் ஓடிவிடுவான் என்று பாவச் சோதனையை வெல்வது பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பைபிளில் அதைச் சொல்லும் யாக்கோபு 4:7 தொடங்குவதே தேவனுக்குக் கீழ்ப்படிவதிலிருந்துதான். அதை விட்டுவிட்டு வெறுமனே பிசாசை அதட்டுவதால்தான் பலர் அதே பாவத்தில் திரும்ப விழுகிறார்கள். வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசு சொன்ன மூன்று பதில்களும் வேத வசனங்களே: உபாகமம் 8:3, 6:16, 6:13. 40 நாள் பட்டினியிலும் வசனம் நாவில் இருந்தது! உங்களை விழுத்தும் பாவத்துக்கு நேரான ஒரு வசனத்தைப் பாடமாக்குங்கள். விழுகிற நேரத்தையும் கவனியுங்கள்: இரவில் தனியே போனோடு இருக்கும்போது என்றால், அதை வெளி அறையில் வைத்துவிட்டுப் படுங்கள் (இச்சைக்கு விலகி ஓடச் சொல்கிறது 2 தீமோத்தேயு 2:22, நின்று மல்லுக்கட்ட அல்ல). திருகோணமலைக் கரையில் வலை அறுந்தால் மறுபடி கடலில் இறக்குமுன் மீனவர்கள் அதை முடிச்சுப் போட்டுச் சரிசெய்துவிடுகிறார்கள் அல்லவா, அப்படி விழுந்த அன்றைக்கே பாவத்தைத் தேவனிடம் அறிக்கையிடுங்கள், 1 யோவான் 1:9. ஞாயிறு ஆராதனை வரை தள்ளிப்போட வேண்டாம்.