ரஸ்ஸல் அந்த வாக்கியத்தை அர்த்தமில்லாததுன்னு சொல்லல
'பிரான்சின் இப்போதைய ராஜாவுக்கு வழுக்கை'ங்கிற வாக்கியம் இலக்கணப்படி சரி ஆனா அர்த்தமே கிடையாதுன்னு தத்துவ அறிஞர் ரஸ்ஸல் நிரூபிச்சதா உங்க போஸ்ட்ல எழுதியிருக்கீங்க, இது தப்புங்க. 1905ல வந்த 'ஆன் டினோட்டிங்' கட்டுரைல அவர் சொன்னது நேர் எதிர்: அதுக்கு அர்த்தம் இருக்கு, ஆனா அது பொய்.

எப்படின்னா, இலக்கணத்துல ராஜாதான் முன்னாடி நிக்கிறார், ஆனா லாஜிக்படி பிரிச்சா அந்த வாக்கியம் மூணு விஷயம் சொல்லுது, பிரான்சுக்கு இப்போ ராஜா இருக்கார், ஒரே ஒருத்தர்தான், அவருக்கு வழுக்கை. பிரான்சுக்கு இப்போ ராஜாவே இல்ல, அதனால முதல் விஷயமே பொய்யா போய் மொத்தமும் பொய். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்து வர்றதுதான்: 'ராஜாவுக்கு வழுக்கை இல்ல'ன்னா அதுவும் பொய்யா? 'ஒரு ராஜா இருக்கார், அவருக்கு வழுக்கை இல்ல'ன்னு எடுத்தா பொய், 'வழுக்கையோட ஒரு ராஜா இருக்கார்ங்கிறது சரியில்ல'ன்னு எடுத்தா உண்மை. ஒரே வாக்கியம்தான், 'இல்ல' எதை மறுக்குதுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

1950ல ஸ்ட்ராசன்ங்கிற இன்னொரு தத்துவ அறிஞர் இதை எதிர்த்தார், ராஜாவே இல்லாதப்போ உண்மையா பொய்யான்னு கேள்வியே எழாதுன்னார். ஆனா அவரும் வாக்கியத்துக்கு அர்த்தம் இருக்குன்னுதான் சொன்னார், தயவுசெஞ்சு போஸ்ட்டைத் திருத்திடுங்க.