ஐந்தரை மணிக்கு முன்னால் ஊற்றிய பால்

ஒரு பால் சங்கத்தின் கணக்கு மென்பொருளோடு இரண்டு நாளாக மல்லுக்கட்டினேன். ஒன்றாம் தேதி விடிகாலையில் சிலர் ஊற்றிய பால் எந்த பில்லிலும் இல்லை என்பது புகார். அதே காலை வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு ஒழுங்காக ஏறியிருந்தது.

பட்டியலை நேர வரிசையில் அடுக்கியதும் பிளவு 5.30 மணியில் விழுந்தது. நமக்கு விடிகாலை 5.10 என்றால், சர்வர் பின்பற்றிய யுடிசிக்கு (உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால்) முந்தைய இரவு 11.40. அந்தப் பால் முந்தைய மாதக் கடைசித் தேதிக்குப் போய்விட்டது. அந்த மாத பில்லோ முந்தின இரவே முடிக்கப்பட்டுவிட்டது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறவருக்கு ஒரு வேளைப் பால் காசு சின்ன விஷயமில்லை.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதில் 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்' என்ற பெயரைப் பார்த்து, எந்த ஊர் நேரம் என்பதும் சேர்ந்து பதிவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பதிவாகாது. 8 பைட்டில் ஒரு கணம் மட்டும் இருக்கும், அதுவும் யுடிசி கணக்கில். காட்டும்போதும் சரி, தேதியாக வெட்டும்போதும் சரி, அந்த செஷனின், அதாவது டேட்டாபேஸோடு அப்போது போட்ட இணைப்பின், டைம் ஸோன்தான் முடிவு செய்யும். சர்வரில் அது யுடிசி, என் லேப்டாப்பில் ஏஷியா/கொல்கத்தா, அதாவது இந்திய நேரம். அதனால் ஒரே குவெரி இரண்டு பதில் சொன்னது. இப்படி ஒரு சந்தேகம் வந்தால் முதலில் இரண்டு பக்கமும் 'ஷோ டைம்ஸோன்' என்ற கட்டளையைப் போட்டுப் பாருங்கள்.

எனக்கு வருத்தம் தந்தது இதைச் சரிக்கட்ட முன்பு போட்டிருந்த ஒட்டுகள். ஒரு ரிப்போர்ட்டில் கையால் ஐந்தரை மணி நேரம் கூட்டியிருந்தார்கள். சர்வரில் சரியாக வரும். கொல்கத்தா செஷனில் ஓட்டினால் மாலை 6.30க்கு மேல் ஊற்றிய பால் மறுநாளுக்குத் தாவிவிடும். இன்னொன்றில் இந்திய நேரம் என்று நினைத்து 'ஐஎஸ்டி' என்று எழுதியிருந்தது. போஸ்ட்கிரெஸின் இயல்பான சுருக்கப் பட்டியலில் அது இஸ்ரேல் நேரம், யுடிசிக்கு 2 மணி நேரம் முன்னால்! 5.10 அங்கே 1.40 ஆகத் தெரிந்தது. தேதி தற்செயலாகச் சரியாக வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. 'யுடிசி+5:30' என்று எழுதுவதும் ஆபத்துதான், அந்த வடிவத்தில் கூட்டல் குறிக்கு கிரீன்விச்சுக்கு மேற்கே என்று பொருள்.

"நம் ஊரில் கோடைக்கால நேர மாற்றம் இல்லையே, கூட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். 1996இல் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றினார்கள், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பினார்கள். ஏஷியா/கொழும்பு என்று முழுப் பெயரைக் கொடுத்தால் இந்த வரலாறெல்லாம் கணக்கில் வந்துவிடும். கையால் கூட்டினால் 2005ஆம் ஆண்டுப் பதிவுகள் அரை மணி நேரம் பிசகும்.

அதனால் நேரத்தைத் தேதியாக வெட்டும் ஒவ்வொரு இடத்திலும், எந்த ஊர் நேரம் என்று சொல்லும் 'அட் டைம் ஸோன்' போட்டு ஏஷியா/கொல்கத்தா என்று எழுதிவிட்டேன், செஷனை நம்பவில்லை. அப்புறம் பழைய மாதங்களையும் மறுபடி ஓட்டி, விடுபட்ட பாலின் பட்டியலைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தேன். அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.