புது வண்டியின் முதல் சர்வீஸை யார் செய்வது?

இந்த மாதம் புது மோட்டார் சைக்கிள் எடுத்த நண்பர்கள் இருவர், ஒருவருக்கொருவர் தெரியாமலே, என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஐந்நூறு கிலோமீட்டர் நெருங்குகிறது; முதல் சர்வீஸுக்கு ஷோரூமில் விடுவதா, அல்லது ஆயில் வாங்கி வந்து வீட்டு வாசலில் நாமே மாற்றிக்கொள்வதா? நான் மெக்கானிக் அல்லன். கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் இருபது ஆண்டுகளாக என் வண்டிகளின் ஆயிலையும் செயினையும் பெரும்பாலும் நானேதான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் சொன்னது வேறு. முதல் சர்வீஸை ஷோரூமிலேயே செய்யுங்கள், ஆனால் ஆயில் இறங்கும் நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நில்லுங்கள், நிற்க விடமாட்டோம் என்று சொன்னால் அதே நிறுவனத்தின் வேறு ஷோரூமுக்கு வண்டியைத் திருப்புங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

மற்ற சர்வீஸ்களில் இல்லாத ஒன்று முதல் சர்வீஸில் உண்டு. புது எஞ்சினின் சிலிண்டர் உட்சுவர் வழுவழுப்பாக இருப்பதில்லை. ஆயில் தங்குவதற்கும் பிஸ்டன் ரிங்குகள் படிவதற்கும் ஏற்றபடி குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்களைத் தொழிற்சாலையிலேயே போட்டிருப்பார்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் ரிங்குகள் அந்தக் கீறல்களின் கூர்முனைகளைத் தேய்த்துத் தமக்கு இடம் செய்துகொள்கின்றன. கியர் பற்களும் ஒன்றோடொன்று பழகிப் பொருந்துகின்றன. அதனால்தான் அந்த நாட்களில் ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டாதீர்கள், எஞ்சினை முறுக்காதீர்கள், கியரை மாற்றி மாற்றி ஓட்டுங்கள் என்று கையேடு சொல்கிறது. நான் குளித்தலைக்குப் போய்ப் பாலத்தைத் தாண்டி முசிறியில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவதை அதற்காகவே வழக்கமாக வைத்துக்கொண்டேன். இப்படித் தேய்ந்த உலோகம் முழுவதும் போய்ச் சேரும் இடம் ஆயில்தான். கொஞ்சத்தை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும்; ஆயிலை இறக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால் இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும்; மிகப் பொடியான மீதி ஆயிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

சென்ற ஆண்டு நான் வாங்கிய 160 சிசி வண்டியில் 512 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கினார்கள். தட்டில் விழுந்த ஆயில் அவ்வளவு கருப்பாக இல்லை, காய்ச்சிய வெல்லப்பாகின் நிறத்தில் இருந்தது. அதை வெயில் பக்கம் சாய்த்தபோது காக்காப்பொன்னைப் பொடித்துக் கலந்ததுபோல் முழுவதும் மினுமினுத்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டைத் தேய்த்துப் பார்த்தேன்; நெருடவில்லை, மை போல் வழுக்கியது. அது நல்ல அறிகுறி. விரலில் தட்டுப்படும் அளவுக்குச் செதிலோ துணுக்கோ இருந்தால், அந்த வண்டியை அங்கேயே நிறுத்தி எஞ்சினைப் பார்க்கச் சொல்ல வேண்டும். புது எஞ்சின் தன் உடல்நிலையை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் தருணம் பிறகு வருவதில்லை. அதைப் பார்க்க வேண்டியவர் வண்டிக்காரர். காத்திருப்போர் அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் நம்மை உட்காரவைத்துவிட்டு, அந்த ஆயிலைப் பழைய பீப்பாயில் ஊற்றிவிடுவதை நான் ஏற்பதில்லை.

இப்படி நான் பிடிவாதம் பிடிப்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 2017-இல் வாங்கிய வண்டிக்கு முதல் இரண்டு இலவச சர்வீஸ்களையும் வாங்கிய ஷோரூமிலேயே, குறித்த கிலோமீட்டருக்குள், புத்தகத்தில் முத்திரை வாங்கி முறையாகச் செய்தேன். அந்த வண்டியில் வேறு யாரும் ஒரு ஸ்பேனர்கூட வைக்கவில்லை. வாரண்டி முடியும் வரை நானும் கை வைப்பதில்லை என்று இருந்தேன். மூன்றாவது சர்வீஸின்போது மதியம் இரண்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "சார், ட்ரெயின் போல்ட் மரை போயிருக்கு, வெளியில யார்கிட்டயாவது பிரிச்சீங்களா?" என்று கேட்டார்கள். ட்ரெயின் போல்ட் இரும்பு, அது இறங்கும் எஞ்சின் உடம்பு அலுமினியம். அளவுக்கு மேல் முறுக்கினால் தேய்வது அலுமினியத்தின் மரைதான். அவர்களுடைய ஆட்களைத் தவிர வேறு யாரும் அந்த போல்ட்டைத் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும்; ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒரு லேத் பட்டறையில் மரையைப் பெரிதாக்கி, அதற்கேற்ற போல்ட் செய்து போட்டு ஓட்டினேன். முத்திரைகள் எல்லாம் சரியாக இருந்தும் அந்தப் புத்தகம் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் அன்று எனக்கு வலித்தது.

ஷோரூமில் வேலை பார்க்கும் அந்த மெக்கானிக் இளைஞர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. காலை ஒன்பது மணிக்கு வரிசையில் நிற்கும் வண்டிகளைச் சாயங்காலத்துக்குள் முடித்துத் தர வேண்டிய நிலையில் அவர்களை வைத்திருக்கிறார்கள். இலவச சர்வீஸ் என்பது கூலி மட்டும் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நாம்தான் பணம் தருகிறோம். அந்தக் கூலியை வண்டி நிறுவனம் ஷோரூமுக்கு ஒரு நிர்ணயித்த தொகையாகத் தருகிறது. அந்தத் தொகைக்குள் ஒரு வண்டிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியுமோ அவ்வளவுதான் ஒதுக்குவார்கள். வருமானம் வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய எஞ்சினுக்குக் கார்பன் கிளீனிங், நேற்று வந்த பெயின்ட்டுக்கு டெஃப்ளான் கோட்டிங் என்று, செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் வரிகள் கூடிக்கொண்டே போவது அதனால்தான். இரண்டையும் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு தெரிந்தும் வீட்டிலேயே செய்துகொள்ள ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். முதல் காரணம் வாரண்டி. குறித்த நாளுக்குள் அல்லது குறித்த கிலோமீட்டருக்குள், எது முதலில் வருகிறதோ அதற்குள், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்களில் இருக்கிறது. இந்த நிபந்தனை நியாயமா என்பது தனிக் கேள்வி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த ஆணையில், வெளியில் பழுது பார்த்ததற்காகவே ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்வதாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று சொன்னது. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே தொடங்கியது. அந்தத் திசையை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் கார்களுக்கு வந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, எஞ்சின் பழுதான ஒரு மோட்டார் சைக்கிளுக்காக ஷோரூம் மேசையில் வாதாடும் நிலையில் என் நண்பர்களை நிறுத்த எனக்கு மனமில்லை.

இரண்டாவது காரணம், வண்டியே மாறிவிட்டது. அப்பா 1991-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா சிடி 100-இல் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங் வைப்பதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளுக்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. எரிபொருளையும் ஐடிலிங்கையும் கட்டுப்படுத்துவது கணினிப் பெட்டி. அதில் பதிந்திருக்கும் பிழைகளைப் படிக்கும் கருவியும், நிறுவனம் அனுப்பும் மென்பொருள் திருத்தமும் பெரும்பாலும் ஷோரூமில்தான் கிடைக்கும். உங்கள் வண்டியின் வரிசையில் ஏதாவது பாகத்தை மாற்றித் தரச் சொல்லி நிறுவனம் அறிவித்திருந்தால், அதுவும் அங்கே தெரியவரும்.

ஒரு வேலைக்கு மட்டும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். முதல் சர்வீஸில் டேப்பெட் இடைவெளி (எஞ்சின் வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளி) பார்க்க வேண்டும் என்று உங்கள் கையேட்டில் இருந்தால், எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போதுதான் அதை அளக்க முடியும். காலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, பதினொரு மணிக்கு டேப்பெட் பார்த்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னால் அந்த அளவீட்டுக்கு அர்த்தமில்லை. முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் போய் நில்லுங்கள். முதலில் டேப்பெட் பார்க்கட்டும். பிறகு எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, சூடேறி இளகிய ஆயிலை இறக்கட்டும்.

இந்த முறை நான் முதலில் போன ஷோரூமில், வாடிக்கையாளர் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள்; புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் வாசல் பக்கமுள்ள மேடையில் வைத்துச் செய்யுங்கள், நான் மஞ்சள் கோட்டுக்கு வெளியில் நிற்கிறேன் என்று கேட்டபோதும் மறுத்தார்கள். திருச்சி சாலையில் இருந்த இன்னொரு ஷோரூமில் அதையே கேட்டேன். மேலாளர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஆயில் என் முன்னிலையில் மாற்றப்பட வேண்டும், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளை ஜாப் கார்டில் எழுதித் தரவும் செய்தார். அந்த மெக்கானிக் தம்பிக்கு இருபது வயதுதான் இருக்கும். கழற்றிய ஃபில்டரை அவரே என்னிடம் நீட்டி, "அண்ணா, மடிப்புக்குள்ள பாருங்க" என்று காட்டினார். யாராவது அக்கறையோடு பார்க்கிறார்கள் என்றால் அவர்களும் அக்கறையோடு செய்கிறார்கள் என்பதை அந்த அரை மணி நேரத்தில் கண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நாம் செய்ய வேண்டியவை தனி. சமதரையில் வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். அளவைப் பார்க்காமல் பாட்டிலை முழுதாகக் கவிழ்த்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் திருப்பிக் கொண்டுபோய்க் குறைக்கச் சொல்லுங்கள். வாட்டர் வாஷின் அழுத்தத்தில் செயினில் இருந்த மசகு போய்விடும். காய்ந்த பிறகு, கையேடு சொல்லும் செயின் லூப் அல்லது கியர் ஆயிலைத் தடவுங்கள். செயின் தொய்வை ஒரே இடத்தில் அளக்காமல், பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அளந்து பாருங்கள்.

இதற்குப் பிறகும் வீட்டில்தான் செய்வேன் என்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று. கார் ஆயிலை ஊற்றாதீர்கள். நம் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது, உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள ஆயில் பட்டால் அது வழுக்கும். கையேடு சொல்லும் தடிமத்தில், பாட்டிலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜப்பானியத் தரக்குறி) என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். பில்லையும், கிலோமீட்டர் தெரியும்படி ஒரு படத்தையும் பத்திரப்படுத்துங்கள். இறக்கிய ஆயிலைத் தயவுசெய்து சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றாதீர்கள். அது சட்டப்படியே அபாயகரமான கழிவு. டப்பாவில் மூடி, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

வரும் சனிக்கிழமை என் தங்கை மகளின் ஸ்கூட்டருக்கு முதல் சர்வீஸ். நேற்று மாலை அவளும் நானும் உட்கார்ந்து, ட்ரெயின் போல்ட்டின் தலையிலிருந்து எஞ்சின் உடம்பு வரை வெள்ளை மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு இழுத்தோம். போல்ட்டைக் கழற்றி மாட்டினால் அந்தக் கோடு அப்படியே நேராக வந்து நிற்பது அரிது. ஸ்கூட்டரில் பின்சக்கரத்துப் பக்கம் தனியாகக் கொஞ்சம் கியர் ஆயில் இருப்பதையும், கையேட்டில் முதல் சர்வீஸிலேயே அதை மாற்றச் சொல்லியிருப்பதையும், பலர் அதைக் கேட்பதே இல்லை என்பதையும் சொன்னேன். அந்த போல்ட்டின் மேலும் அவளே ஒரு கோடு இழுத்து, இரண்டையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை ஷோரூமுக்கு அவளேதான் போகிறாள்.