கிளப் ஃபீஸும் ஸ்காலர்ஷிப் கனவும்

டாலஸ் பக்கம் ட்ரைஅவுட் சீசன், அதாவது கிளப் டீமுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் சமயம், வந்துவிட்டால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். எல்லாம் பெண்ணை, பள்ளிக்கு வெளியே பணம் கட்டி ஆடும் கிளப் வாலிபாலில் சேர்க்கப் போகும் நம் ஊர் அம்மாக்கள். நலம் விசாரித்து முடித்ததும் முதல் கேள்வி, "அக்கா, இதுல சேர்த்தா காலேஜ்ல ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?" என்பதுதான்.

கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். பெண்ணுக்கு ஆட்டம் பிடித்திருக்கிறது, உங்கள் கையிலும் வசதி இருக்கிறது என்றால் தாராளமாகக் கட்டுங்கள். ஸ்காலர்ஷிப்புக்காக மட்டும் என்றால் அதே பணத்தை 529 என்கிற படிப்புச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள், காலேஜ் செலவுக்கு நிச்சயமாக உதவும்.

என் மகள் 12 வயதில் சேர்ந்து ஐந்து வருடம் ஆடினாள். கிளப் ஃபீஸ் எந்த வருடமும் 4,000 டாலருக்குக் குறையவில்லை. அப்புறம் தனி கோச்சிங், விமான டிக்கெட், ஹோட்டல். வெளியூர் டோர்னமென்ட் பலவற்றில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் அறை எடுக்க வேண்டும், 'ஸ்டே டு ப்ளே' என்பார்கள். ஐந்து வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் 40,000 டாலரைத் தாண்டிவிட்டது.

இந்த நாட்டில் ஹைஸ்கூலில் விளையாடும் பிள்ளைகள் சுமார் 80 லட்சம் பேர். காலேஜ் விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பில் இருக்கும் காலேஜ்களில் ஆடுகிறவர்கள் மூன்று டிவிஷனும் (1தான் மேல்மட்டம்) சேர்த்து 5 லட்சத்துக்குச் சற்று மேல். அதிலும் டிவிஷன் 3 காலேஜ்களில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் காலேஜ்கள் டிவிஷன் 1தான், ஆனால் அங்கும் கிடையாது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

"இப்போ ரூல் மாறிடுச்சாமே அக்கா" என்றும் கேட்கிறார்கள். மாறியது உண்மைதான். முன்பு டிவிஷன் 1 பெண்கள் வாலிபாலில் ஒரு டீமுக்கு 12 ஸ்காலர்ஷிப் என்று வரம்பு இருந்தது. என்சிஏஏ மீது விளையாட்டு மாணவர்கள் போட்ட வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த காலேஜ்களுக்கு அந்த வரம்பு போய், டீமில் மொத்தம் 18 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. 18 பேருக்கும் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பது வேறு, கொடுப்பார்கள் என்பது வேறு. அந்த 18 இடத்துக்கும் உங்கள் பெண் போட்டி போடுவது அவள் வயதுப் பிள்ளைகளோடு மட்டும் இல்லை. ஏற்கெனவே இரண்டு வருடம் காலேஜில் ஆடிவிட்டு, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு காலேஜ் தேடும் 20 வயதுப் பெண்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

என் மகள் 5 அடி 3 அங்குலம். லிபரோ. வேறு கலர் ஜெர்சி போட்டுக்கொண்டு பின்வரிசையில் விழுந்து புரண்டு பந்தை எடுப்பாளே, அந்த இடம். ஒரு டீமில் இரண்டு மூன்று லிபரோதான் வைத்திருப்பார்கள். பிடித்த காலேஜின் ரோஸ்டரை, அதாவது டீம் பட்டியலை எடுத்து, உங்கள் பெண் சேரும் வருடத்தில் அவள் ஆடும் இடத்தில் யார் படிப்பு முடித்துப் போகிறார்கள் என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. எனக்கு இதை மூன்றாவது வருடம்தான் யாரோ சொன்னார்கள்.

ஜூன் 15 இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிவிஷன் 1 வாலிபாலில் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை கோச்சுகள் பிள்ளைகளுக்குப் போன், மெசேஜ் எதுவும் செய்யக் கூடாது. அதனால் 14ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதுமே சில பிள்ளைகளின் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். என் மகள் சாப்பாட்டு மேசையில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தயிர் சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு அடித்தது. அவள் டீமில் இருந்த உயரமான பெண்ணுக்கு எந்தெந்தக் காலேஜிலிருந்து மெசேஜ் வந்தது என்று டீம் குரூப்பில் வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. இவளுக்கு ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டரைக்கு எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். ஈரக் கையைத் துடைக்காமலே என்னைப் பார்த்து, "அம்மா, உங்க ரெண்டு பேர் காசும் வேஸ்ட் ஆயிடுச்சா?" என்றாள்.

நாங்கள் ஒரு நாளும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் தோற்றுவிட்டுத் திரும்பும்போது காரில் நானும் அவள் அப்பாவும் பேசியது என்ன? "இந்த சர்வை இப்படி விட்டா எந்த கோச் பார்ப்பான்", "இந்த ஹோட்டல் மட்டும் 600 டாலர்". பின் சீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பதினாறு வயதுப் பெண் தன்னை எங்களுக்குக் கடன்பட்டவளாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து காரில் ஆட்டத்தைப் பற்றி அவளாக ஆரம்பித்தாலொழிய நாங்கள் வாய் திறப்பதில்லை.

காலேஜ் கோச் பெயரில் வரும் கேம்ப் அழைப்புகளைப் பார்த்து மயங்காதீர்கள். பெரும்பாலும் அது நூற்றுக்கணக்கான பேருக்குப் போகிற ஈமெயில், கேம்புக்குக் கட்டணமும் உண்டு. உங்கள் பெண் எந்த மேட்சில் என்ன செய்தாள் என்று எழுதியிருந்தால்தான் நிஜமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோச்சுக்கு ஈமெயிலையும் பெண்ணே எழுதட்டும். நான் என் மகள் பெயரில் எழுதி அனுப்பியிருக்கிறேன், அது தப்பு. ஒரு கேம்பில் கோச் அவளிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். அந்தக் கோச் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, அவள் வாயைத் திறக்கும் வரை காத்திருந்தார்.

பள்ளி சீசன் ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடியும், உடனே கிளப் தொடங்கி ஜூன் ஜூலை வரை ஓடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், ஒரே விளையாட்டை ஆடும் பிள்ளைகளுக்கு வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது அதிலிருந்து ஓய்வு வேண்டும் என்கிறது. ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்துக்கூடக் கொடுக்கலாம். என் மகள் தோள் வலியோடு ஒரு சீசன் முழுக்க ஆடினாள். ஓய்வு எடுத்தால் இடம் போய்விடும் என்று கிளப்பில் சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம். இப்போதும் மழைக் குளிருக்கு அந்தத் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். அதற்கு நான் யாரைக் குறை சொல்வது? இடம் போனால் போகட்டும், வலித்தால் உட்கார வையுங்கள்.

இவ்வளவும் சொல்கிறேனே, கிளப்பே வேண்டாம் என்கிறேனா? இல்லை. டாலஸ் கன்வென்ஷன் சென்டரில் பத்துப் பன்னிரண்டு கோர்ட்டிலிருந்து ஒரே நேரத்தில் விசில் கேட்கும்போது, அடுத்த டீமின் மேட்சுக்கு லைன் ஜட்ஜாகக் கொடியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்ற 13 வயது மகள் இன்னும் என் கண்ணில் இருக்கிறாள். பெரியவர்கள் கத்தினாலும் அவள் காட்டிய கொடியை மாற்றவில்லை. அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

இப்போது அவள் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை, மார்க்குக்குக் கிடைத்த உதவித்தொகை இருக்கிறது. மாணவர்களே நடத்தும் கிளப் டீமில் ஆடுகிறாள்.

இந்த வருடம் ட்ரைஅவுட்டுக்குப் போகிறவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள், நம்பர் தருகிறேன். போன் பண்ணும்போது பெண்ணையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், முதலில் அவளிடம் பேச வேண்டும்.